ஏழு தையல் போட்டும் சாதாக் காயமா? ஊர் அடிதடியும் ஏ.ஆர். காப்பியும்

தலையில் ஏழு தையல், சட்டையெல்லாம் ரத்தம். ஆனால் மருத்துவமனைத் தாளில் 'சாதாரண காயம்' என்று இருக்கிறது. எதிராளிக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை, சுண்டுவிரல் எலும்பில் மயிரிழை விரிசல் மட்டும். அவருக்குக் 'கொடுங்காயம்'. வரப்புத் தகராறு, வாய்க்கால் முறைத் தகராறு, பங்காளிச் சண்டை என்று காவல் நிலையம் போகிற எந்த ஊரிலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். 'காசு கொடுத்து எழுதி வாங்கிட்டான்' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அப்படியும் நடக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் சட்டம் காயத்தை அளக்கிற முறையே இதற்குக் காரணம். அது ரத்தத்தையோ தையலையோ கணக்கில் வைப்பதில்லை.

2024 ஜூலை 1 முதல் குழப்பம் இன்னொரு படி கூடியிருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) வந்ததும், ஊரில் பலருக்கு மனப்பாடமாக இருந்த 323, 324, 326, 307 எல்லாம் மாறிவிட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த அடிதடிக்குப் பழைய பிரிவுகள்தான், பின் நடந்ததற்குப் புதியவை. ஒரே குடும்பத்தின் மேல் இரண்டு வழக்கு இருந்தால் இரண்டு விதமான எண்களும் இருக்கும்.

எது காயம், எது கொடுங்காயம்

ஒருவருக்கு உடல் வலியோ நோயோ பலவீனமோ உண்டாக்கினால் அது சட்டப்படி காயம். கன்னத்தில் ஓர் அறை போதும். இது பி.என்.எஸ். 114. கொடுங்காயம் அப்படி இல்லை, அதற்கு மூடிய பட்டியல் ஒன்று உண்டு. 116-ஆம் பிரிவு சொல்கிற எட்டு வகையில் ஒன்றாவது இருக்க வேண்டும்:

1. ஆண்மை இழப்பு
2. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது
3. ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது
4. ஓர் உறுப்பையோ மூட்டையோ இழப்பது
5. உறுப்போ மூட்டோ நிரந்தரமாகச் செயல் குன்றுவது
6. தலையோ முகமோ நிரந்தரமாக உருக்குலைவது
7. எலும்போ பல்லோ முறிவது, அல்லது இடம் விலகுவது
8. உயிருக்கு ஆபத்து உண்டாக்குகிற காயம்; அல்லது 15 நாட்கள் கடும் வலியிலோ, அன்றாட வேலையைச் செய்ய முடியாத நிலையிலோ கிடத்துகிற காயம்

மண்டைத் தோல் கிழிந்தால் பயமுறுத்தும் அளவுக்கு ரத்தம் வரும், ஏனென்றால் அங்கே ரத்தக் குழாய்கள் அதிகம். ஆனால் அடியில் எலும்பு முறியாமல், மூளைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால், ஏழு தையல் போட்டாலும் இந்தப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை. மயிரிழை விரிசலோ ஏழாம் வகையில் நேராகப் போய் உட்கார்ந்துவிடும். எலும்பு இரண்டாக ஒடிந்திருக்க வேண்டியதில்லை, விரிசலும் முறிவுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல்லுக்கும் இதே கணக்கு. அதனால்தான் வாயில் குத்து வாங்கியவரின் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததா என்பதை மருத்துவர் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

எட்டாம் வகையில்தான் புதிய சட்டம் கை வைத்தது. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 20 நாட்கள் என்று இருந்ததை 15 ஆக்கியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன மாற்றம் இல்லை. மணிக்கட்டு சுளுக்கி மண்வெட்டி பிடிக்க முடியாமல் 16 நாள் வீட்டில் இருந்தவர் பழைய சட்டத்தில் சாதாக் காயக்காரர். இப்போது அவர் கொடுங்காயம் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் 15 நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்பது மட்டும் போதாது. படுக்கையில் இருந்ததும், வலியில் துடித்ததும், வேலை செய்ய இயலாததும் தனித்தனி விஷயங்கள். வாராவாரம் புறநோயாளிச் சீட்டில் 'கை மடக்க முடியவில்லை' என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். பத்து நாள் படுத்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுபரிசோதனைக்கே வராதவருக்கு அந்தச் சீட்டு இருக்காது.

எதனால் அடித்தார்கள்

காயம் எவ்வளவு என்பது முதல் கேள்வி. எதனால் உண்டாக்கினார்கள் என்பது இரண்டாவது. இரண்டு பதிலையும் சேர்த்தால்தான் பிரிவு கிடைக்கும்.

- கையாலோ சாதாரணப் பொருளாலோ சாதாக் காயம்: 115(2), பழைய 323. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
- ஆபத்தான ஆயுதத்தால் சாதாக் காயம்: 118(1), பழைய 324. மூன்றாண்டு வரை.
- ஆயுதம் இல்லாமல் கொடுங்காயம்: 117(2), பழைய 325. ஏழாண்டு வரை.
- ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம்: 118(2), பழைய 326. குறைந்தது ஓராண்டு, அதிகம் பத்தாண்டு, அல்லது ஆயுள்.

வெட்டவோ குத்தவோ சுடவோ பயன்படுவது ஆபத்தான ஆயுதம். தாக்கப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய எந்தப் பொருளும் அதில் சேரும். நெருப்பு, அமிலம், விஷம், ஏவிவிட்ட நாய் எல்லாம் இந்தப் பிரிவுக்குள் வருகின்றன. அரிவாளில் சந்தேகமே இல்லை. கம்பும் கல்லும்தான் தகராறு. வேலிக் குச்சியா, சவுக்குக் கட்டையா, கல் என்றால் எலுமிச்சை அளவா, அம்மிக்கல் அளவா என்று ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் தனியாகப் பார்க்கும். பல் ஆயுதமா என்ற கேள்விகூட உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மனிதப் பல் ஆபத்தான ஆயுதம் ஆகாது என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. அதனால் விரலைக் கடித்துத் துண்டாக்கினாலும் அது 325 தான், 326 இல்லை.

நம் ஊர் அடிதடியில் ஆயுதம் என்று தனியாக எதையும் கொண்டுவருவது குறைவு. கையில் இருப்பதுதான் ஆயுதம். வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தவர் கையில் மண்வெட்டி இருக்கிறது. அதன் அலகால் வெட்டினால் ஒரு காயம், திருப்பிப் பின்பக்கத்தால் அடித்தால் இன்னொரு காயம், காம்பால் அடித்தால் மூன்றாவது. புகாரில் மூன்றும் 'மண்வெட்டியால் தாக்கினார்' என்றே இருக்கும். எந்தப் பக்கத்தால் என்பதைக் காயம்தான் சொல்ல வேண்டும்.

காயம் என்ன சொல்கிறது

தடயவியல் மருத்துவம் காயங்களை முக்கியமாக ஐந்தாகப் பிரிக்கிறது: சிராய்ப்பு, கன்றல், கிழிந்த காயம், வெட்டுக் காயம், குத்துக் காயம். முதல் மூன்றும் மொட்டையான பொருளால் வருபவை, மற்ற இரண்டும் கூரானதால்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. தலையிலும் புருவத்திலும் முழங்காலின் கீழ் முன்னெலும்பிலும் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கிறது. அந்த இடத்தில் கட்டையால் ஓங்கி அடித்தால், தோல் கட்டைக்கும் எலும்புக்கும் இடையில் நசுங்கி நேர்க்கோடாகப் பிளந்துவிடும். பார்த்தால் அசல் அரிவாள் வெட்டு மாதிரியே இருக்கும். அடிபட்டவரே 'வெட்டிட்டான்' என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, ரத்தம் கண்ணை மறைத்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கட்டை அடியில் ஓரங்கள் லேசாகப் பிசிறடித்து, சுற்றிலும் கன்றியிருக்கும். பிளவின் ஆழத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நூல் நூலாகத் திசுக்கள் அறுபடாமல் ஓடும். முடிவேர்கள் நசுங்கியிருக்கும். அரிவாள் வெட்டில் ஓரம் சுத்தமாக இருக்கும், உள்ளே நூல் எதுவும் மிஞ்சாது, முடியும் நறுக்கென்று அறுந்திருக்கும். இதைத் தையல் போடுவதற்கு முன்னால் பார்த்து எழுதினால்தான் உண்டு. இரவு எட்டு மணிக்கு ஒரே மருத்துவர் இருக்கிற தாலுகா மருத்துவமனையில், வெளியே இரு தரப்பு உறவினர்களும் கத்திக்கொண்டிருக்கும்போது, யார் லென்ஸைத் தேடுவார்கள்? 'வெட்டுக் காயம்' என்று ஒரு சொல் ஏறும், தையல் விழும், அதற்கு மேல் அந்தக் காயத்தை யாராலும் மறுபடி படிக்க முடியாது. அப்புறம் விசாரணையில் போலீஸ் கைப்பற்றியது உருட்டுக்கட்டை என்றால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி.

இன்னொரு சாட்சி முன்கை. தலையைக் குறிவைத்துக் கட்டை இறங்கும்போது யாராக இருந்தாலும் கை தானாக உயரும். சுண்டுவிரல் பக்கமாக ஓடுகிற முன்கை எலும்பு அந்த அடியை வாங்கும். அந்த ஓர் எலும்பு மட்டும் நடுவில் முறிந்திருந்தால், தடுத்ததால் வந்த முறிவாக இருக்கலாம் என்று மருத்துவர் யோசிப்பார். கீழே விழுந்து கையை ஊன்றினால் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும். உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் வெட்டு இருந்தால், கத்தியைப் பிடித்துத் தடுத்திருக்கிறார் என்று பொருள். 'நானே தடுமாறி விழுந்தேன்', 'அவனே கையைக் கிழித்துக்கொண்டான்' என்ற இரண்டு கதைகளையும் இந்த இடங்களை வைத்துச் சோதிக்கலாம்.

கன்றலின் நிறத்தை வைத்து நாள் கணக்கிடுவதும் உண்டு. சிவப்பில் தொடங்கி நீலம், கறுப்பு, பச்சை, மஞ்சள் என்று மாறி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மறையும். ஆனால் வயது, தோல் நிறம், அடிபட்ட இடம் எல்லாவற்றுக்கும் ஏற்ப இது முன்பின் ஆகும். 'சரியாக மூன்றாம் நாள் காயம்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். இது நேற்றைய அடி இல்லை, பழையது என்ற அளவுக்கு உதவும்.

ஏ.ஆர். காப்பி

ஏ.ஆர். என்றால் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர், விபத்துப் பதிவேடு. அடிதடி, விபத்து, விஷம், தீக்காயம் என்று எதுவாக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் முதலில் ஏறுவது இதில்தான். யார் கூட்டிவந்தார், எத்தனை மணிக்கு, நினைவுடன் இருந்தாரா, உடலில் எங்கே என்ன அளவில் காயம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் மேலே உள்ள ஒரு வரி. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் அதன் சாரம் இப்படி இருக்கும்: 'இன்ன தேதி மாலை 6.30 மணியளவில், இன்ன இடத்தில், தெரிந்த நபர்கள் மூவர் கட்டையாலும் கையாலும் தாக்கியதாகச் சொல்கிறார்.'

சம்பவத்தைப் பற்றிப் பல வழக்குகளில் எழுத்தில் ஏறும் முதல் வாக்குமூலம் இதுதான். எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் இதற்குப் பிறகே வரும். இடையில் உறவினர் வருவார், ஊர்ப் பெரியவர் வருவார், வக்கீல் குமாஸ்தா வருவார், பட்டியல் நீளும். ஏ.ஆரில் மூன்று பேர், எஃப்.ஐ.ஆரில் எட்டுப் பேர். ஏ.ஆரில் கட்டை, எஃப்.ஐ.ஆரில் அரிவாள். குறுக்கு விசாரணையில் மருத்துவரிடம் முதலில் கேட்பது இதைத்தான். உண்மையிலேயே அடித்த மூவரும், சேர்க்கப்பட்ட ஐவரோடு சேர்ந்து வெளியே வந்துவிடுவதற்கு இந்த ஒரு முரண் போதும்.

ஏ.ஆரும் காயச் சான்றிதழும் ஒன்றல்ல. முறிவு சந்தேகம் இருந்தால் மருத்துவர் முதல் நாள் கருத்துச் சொல்லாமல் நிறுத்திவைப்பார். எக்ஸ்-ரே, ஸ்கேன் வந்தபின், காவல்துறை கேட்கும்போது, சாதாரணமா கொடுமையா என்று சான்றிதழில் எழுதுவார். 'முதலில் சாதாக் காயம்னு சொன்னாங்க, பிறகு மாத்திட்டாங்க' என்பதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்த இடைவெளிதான். எக்ஸ்-ரே படமே நீதிமன்றத்துக்கு வராமல், முறிவு நிரூபணமாகவில்லை என்று கொடுங்காயம் சாதாக் காயமாக இறங்கிய வழக்குகளும் உண்டு.

'போலீஸ் சீட்டு இருந்தால்தான் பார்ப்போம்' என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. முதலில் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அரசு, தனியார் இரண்டுக்கும் இது பொருந்தும்.

எஃப்.ஐ.ஆரா, சி.எஸ்.ஆரா

115(2) மட்டும் இருந்தால், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. அதனால்தான் கன்னத்தில் அறைந்த புகாருக்கு புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கையில் கிடைக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு அடிதடி எஃப்.ஐ.ஆர்களைப் புரட்டினால் பழைய 294(பி), இப்போதைய 296(பி), திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது என்ற பிரிவு அது. மூன்று மாதத் தண்டனைதான். ஆனால் போலீஸ் நேரடியாகப் பதியக்கூடிய குற்றம். அப்படி ஒன்று சேர்ந்தால் முழு வழக்கையும் அப்படியே நடத்தலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஊரில் அடிபட்ட ஒவ்வொருவரையும் அடிப்பதற்கு முன் 'தகாத வார்த்தைகளால்' திட்டியிருப்பது ஏன் என்று யோசித்தவர்களுக்கு இது ஒரு விளக்கம்.

புதிய நடைமுறைச் சட்டத்தில் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்கள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம். ஆயுதத்தால் சாதாக் காயம் என்ற 118(1) இதற்குள் வருகிறது. பொய்ப் புகாரை வடிகட்ட இது உதவலாம். அதே 14 நாள், சமரசம் பேச வைத்து அடிபட்டவரைக் களைப்படையச் செய்யவும் போதும்.

109, அதாவது பழைய 307, கொலை முயற்சி. இதில் காயத்தின் அளவை மட்டும் பார்த்துக் குழம்பக் கூடாது. கழுத்தைக் குறிவைத்து வீசிய அரிவாள் தவறி, ஒரு கீறலும் விழாமல் போனாலும் பிரிவு பொருந்தலாம். நோக்கம், குறிவைத்த இடம், ஆயுதம், எத்தனை வீச்சு என்பதுதான் கணக்கு.

கேஸும் கவுண்டர் கேஸும்

அடித்தவரும் ஜி.எச்.சில் போய்ப் படுத்துக்கொள்வது ஊரறிந்த உத்தி. இரண்டு ஏ.ஆர்., இரண்டு புகார், கடைசியில் 'இரண்டு பேரும் வாபஸ் வாங்குங்க' என்ற பேச்சு. தமிழ்நாடு காவல் நிலை ஆணை 588-ஏ இதற்கு வழி சொல்கிறது: ஒரே சம்பவத்திலிருந்து எழும் இரண்டு புகாரையும் சேர்த்து விசாரிக்க வேண்டும், யார் முதலில் தாக்கியது என்று கண்டு அவர் மேல் குற்றப்பத்திரிகை போட வேண்டும், இரண்டும் பொய் என்றால் இரண்டையும் மூட வேண்டும். இரண்டு தரப்பு மேலும் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டு 'கோர்ட் பார்த்துக்கட்டும்' என்று ஒதுங்குவது இந்த ஆணைக்கு எதிரானது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்த ஆணை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அப்படியும் அந்த ஒதுங்கல் தொடர்கிறது, யார் பக்கமும் சாயாமல் இருப்பதற்கு அதுதான் சுலபம்.

இங்கே காயங்களின் இடம் மறுபடி பேசும். ஒருவருக்கு முதுகிலும் தலையின் பின்புறமும் அடி, முன்கையில் தடுப்புக் காயம். மற்றவருக்குத் தன் வலது கை எட்டுகிற இடது முன்கையில் ஆழமில்லாத, வரிசையான, ஒரே திசையில் நான்கு கீறல். இரண்டு ஏ.ஆரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கும்.

சாதி உள்ளே வரும்போது

அடிபட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர், அடித்தவர் அப்படி அல்லாதவர், அது அவருக்குத் தெரியும் என்றால் கணக்கு மாறுகிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் சேர்த்த 3(2)(வி.ஏ.) பிரிவின்படி சாதாக் காயமே போதும். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். முன்ஜாமீன் கிடையாது. எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணையும் தேவையில்லை என்று 2018-இல் சேர்த்த 18-ஏ சொல்கிறது. மேலே சொன்ன 14 நாளைக் காட்டி இந்தப் புகாரைத் தள்ளிப்போட முடியாது. அரசு நிவாரணமும் வழக்கின் கட்டங்களுக்கு ஏற்பத் தவணையாகக் கிடைக்க வேண்டும். உடல் ஊனம் என்றால் மருத்துவச் சான்றின் சதவீதம்தான் தொகையைத் தீர்மானிக்கும். மறுபடியும் அதே காகிதம்.

பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனவர்

தலையில் அடிபட்டு, சிறிது நேரம் மயங்கி, எழுந்து, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய், இரவில் நினைவிழப்பவர்கள் உண்டு. நெற்றியின் பக்கவாட்டில் உள்ள பொட்டுப் பகுதியில் மண்டை எலும்பு மெல்லியது, அதன் உட்புறம் ஒட்டியபடி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அது கிழிந்து ரத்தம் கட்டத் தொடங்கும். மூளையை அது அழுத்தத் தொடங்கும்வரை ஆள் நன்றாகவே இருப்பார். வாந்தி, தலைவலி கூடிக்கொண்டே போவது, தூக்கம் தள்ளுவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது என்று ஏதாவது தெரிந்தால் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தையல் போட்டு ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்பதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. அவர் இறந்துபோனால், 115(2) என்று பதிந்த வழக்கு பிரிவு மாற்றி 103 (கொலை) அல்லது 105-க்கு (கொலை ஆகாத மரணம் விளைவித்தல்) போகும்.

ஏ.ஆரில் ஏறாத காயங்கள்

இதுவரை சொன்னது தெருவில் நடக்கும் அடிதடி. அதைவிட அதிகம் வீட்டுக்குள் நடக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), திருமணமான பெண்களில் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் நாடு முழுக்க 29.3 சதவீதம் என்கிறது. நகரத்தில் 24.2, கிராமத்தில் 31.6. தமிழ்நாட்டில் 38.1. தெருச் சண்டையில் அடிபட்டவர் ஆளைக் கூட்டிக்கொண்டு ஜி.எச். போகிறார். வீட்டில் அடிபடும் பெண்களில் பலர் போவதே இல்லை. போனாலும், கூட வந்து நிற்பது பெரும்பாலும் அடித்தவரோ அவருடைய அம்மாவோதான். 'படியில வழுக்கிட்டேன் டாக்டர்' என்பது அந்த நிலைமையில் வருகிற பதில்.

விழுந்தவருக்கு முழங்கால், முழங்கை, உள்ளங்கை, தாடை என்று துருத்தி நிற்கும் இடங்களில் அடிபடும். மேற்கையின் உட்புறம் நான்கு விரல் தடம், கழுத்தில் கன்றல், முதுகில் வெவ்வேறு நிறத்தில் பல நாள் அடையாளங்கள், இவை படியில் விழுந்து வருபவை அல்ல. அவர் சொன்னதை மருத்துவர் மாற்றி எழுத முடியாது. ஆனால் கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஒரு முறை கேட்க முடியும். அப்போதும் அதே பதில் வந்தால், 'விழுந்ததாகச் சொல்கிறார். காயங்கள் அதற்குப் பொருந்துவதாக இல்லை' என்று எழுதிவைக்க முடியும். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்து, பாதுகாப்பு அலுவலர் முன் உட்கார்ந்து, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனு எழுதும்போது, பழைய அடிக்கு அவரிடம் இருக்கிற சான்று அந்த ஒரு வரியாகத்தான் இருக்கும்.